மெல்லிய கோட்டைப் பிடித்துப் போனால் அமைதியான மலைச்சாலை கிடைக்குமா?

பிப்ரவரி 11, காலை (கேள்வி)

வாரம் ஒருநாள் 60, 70 கிமீ சைக்கிள் ஓட்டுகிறேன். இதுவரை எல்லாம் சமவெளி. இனி மலைப்பக்கம் போகலாம் என்று ஆசை, ஆனால் லாரி உரசிக்கொண்டு போகும் சாலை வேண்டாம். நண்பர் ஒருவர் சொல்கிறார்: வரைபடத்தில் இருப்பதிலேயே மெல்லிய கோடு எதுவோ அதைப் பிடி, வண்டியே வராது. இது சரிதானா? ரோடு சைக்கிள், 28 மிமீ டயர், முன்னால் இரண்டு பல்சக்கரம், 50 பல்லும் 34 பல்லும், பின்னால் இருப்பதில் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல்.

பிப்ரவரி 11, இரவு

பாதிதான் சரி. கோடு மெல்லியது என்றால் பெரும்பாலும் சாலை குறுகல், அவ்வளவுதான். வண்டி வராது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை.

இதே நம்பிக்கையில் நான் ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன். ஓர் ஆறு, வலக்கரையில் பெரிய சாலை, இடக்கரையில் நூல் மாதிரி ஒரு கோடு மலையைச் சுற்றி மேட்டுக்கு ஏறுகிறது. முதல் நாலு கிமீ சொர்க்கம்தான். ஐந்தாவதில் சாலையோர மரங்களின் இலையெல்லாம் மாவு தூவியது போல வெளுத்துக் கிடந்தன. அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, 'என்ன மரம் இது' என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். கல்குவாரி. சாலை அகலம் மூன்று மீட்டர், லாரி இரண்டரை மீட்டர், மிச்சமிருக்கும் அரை மீட்டரில் நானும் மழைநீர் ஓடையும். ஒவ்வொரு லாரிக்கும் இறங்கி ஓரமாக நின்றேன், 19 எண்ணிய பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசி ஏற்றம் 18 சதவீதம் (நூறு மீட்டருக்கு 18 மீட்டர் உயர்வு) இருக்கும், அதன் நடுவில் ஒரு லாரிக்காகக் காலை ஊன்றியவன் மறுபடி ஏறி மிதிக்கவே முடியாமல் மேலே வரை தள்ளிக்கொண்டு போனேன்.

அதனால் மெல்லிய கோடா தடித்த கோடா என்பதைவிட, இந்தச் சாலையால் வண்டிக்காரர்களுக்கு என்ன பிரயோஜனம் என்று பாருங்கள். ஒரு பிரயோஜனமும் இல்லையென்றால் அதுதான் உங்கள் சாலை. தூக்கம் வருகிறது, நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

நேற்று விட்ட இடத்திலிருந்து. ஒரு சாலை வண்டிக்காரர்களுக்குத் தேவையில்லாமல் போகச் சில காரணங்கள்தான் உண்டு, அவற்றை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலாவது, பக்கத்திலேயே இதைவிட வேகமான சாலை வந்துவிட்டது. இதற்குப் பெரிய உதாரணம் சுவிட்சர்லாந்தின் கொத்தார்டு கணவாய், 2,106 மீட்டர். தெற்குச் சரிவில் ட்ரெமோலா என்று கல் பாவிய பழைய சாலை, கொண்டை ஊசி கொண்டை ஊசியாக ஏறுகிறது. அதன் பக்கத்திலேயே அகலமான புதிய கணவாய்ச் சாலை போட்டார்கள், அதுவும் போதாமல் 1980-ல் கிட்டத்தட்ட 17 கிமீ நீளச் சாலைச் சுரங்கத்தை மலைக்கு அடியிலேயே திறந்தார்கள். அவசரக்காரர் சுரங்கத்தில், வேடிக்கை பார்ப்பவர் புதிய சாலையில், கல் பாவிய சாலை சைக்கிளுக்கு. இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், ஒரு புறவழிச்சாலை வந்தால் பழைய சாலை காலியாவது எல்லா மலையிலும் நடக்கிற கதை. தடித்த கோடு அம்பு மாதிரி நேராகப் போகும், அதைப் பின்னிப் பின்னி ஒரு மெல்லிய கோடு வளைந்து வரும். அது அனேகமாகப் பழைய சாலை.

அடுத்தது எதிர்க்கரை. பள்ளத்தாக்கில் ஒரு கரையில் பெரிய சாலை இருந்தால் எதிர்க்கரைச் சாலை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான். (என் குவாரியும் எதிர்க்கரையில்தான் இருந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.)

அப்புறம் முட்டுச்சாலை. அணையிலோ கடைசிக் கிராமத்திலோ முடிந்துபோகிற சாலைக்கு, அங்கே போக வேண்டியவர்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள். போன வழியே திரும்புவது அலுப்பு என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். ஏறும்போது எட்டு கிமீ வேகத்தில் பார்த்த சாலையும் இறங்கும்போது நாற்பதில் பார்க்கிற சாலையும் ஒன்றா என்ன?

பிப்ரவரி 12, மாலை

"அப்படியானால் வண்டிக்குப் பயனில்லாத சாலையை யாரும் பழுது பார்க்கவும் மாட்டார்களே" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. பார்க்க மாட்டார்கள். 28 மிமீ டயர் தாங்கும், ஆனால் காற்றைக் கல் மாதிரி அடைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் 32-க்கு மாறி இரண்டு வருடமாகிறது, திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. உங்கள் சைக்கிள் சட்டத்தில் 32 நுழையுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 14

சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து வரைபடத்தில் போடும் கோடுகள்) பற்றிக் கேட்டவருக்கு. என் அவமானத்திலிருந்தே தொடங்குகிறேன்.

காகித வரைபடம், கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் என்று ஓரத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் போகவிருந்த 3 கிமீ ஏற்றத்தில் சாலை மூன்று கோடுகளைத்தான் தாண்டியது. மூன்று இருபது அறுபது, 3 கிமீக்கு 60 மீட்டர், 2 சதவீதம், பூ மாதிரி ஏறிவிடலாம் என்று கூட வந்தவரிடமும் சொல்லிவிட்டேன். முதல் கிமீயிலேயே நாக்கு தள்ளிவிட்டது. என்ன நடந்தது என்றால், அந்த வரைபடத்தில் ஐந்து கோட்டுக்கு ஒன்றைத் தடிமனாகப் போட்டிருக்கிறார்கள், நடுவிலுள்ள நான்கும் வெளிர் பழுப்பில் காட்டின் பச்சையோடு கலந்துபோய்க் கண்ணுக்கே தெரியவில்லை. நான் எண்ணியது தடிமன் கோடுகளை. ஒவ்வொன்றும் 100 மீட்டர். 300 மீட்டரை 3 கிமீயில் ஏறினால் 10 சதவீதம். கூட வந்தவர் அதற்குப் பிறகு என்னோடு வரவில்லை, அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

கணக்கு சுலபம்தான்: ஒரு கிமீயில் எத்தனை மீட்டர் உயர்கிறதோ அதைப் பத்தால் வகுத்தால் சதவீதம். ஆனால் சராசரியை நம்பாதீர்கள். 5 கிமீயில் 250 மீட்டர் என்றால் 5 சதவீதம் என்று சாதுவாகத் தெரியும். நடுவில் ஒரு கிமீ 50 மீட்டர் இறங்கி ஓடையைத் தாண்டுகிறது என்று வையுங்கள், அப்போது மீதி 4 கிமீயில் 300 மீட்டர் ஏற வேண்டும், அது ஏழரை. சராசரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது, ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால்தான் என்று இறங்குவது மாதிரி.

இன்னொன்று, மலையின் போக்கு. மடிப்பு மடிப்பாக மலைத்தொடர் ஒரே திசையில் ஓடும் இடங்களில், அந்தத் திசையோடு போகிற சாலை பள்ளத்தாக்கிலோ முகட்டிலோ நிதானமாகப் போகும். குறுக்கே வெட்டிப் போகிற சாலை ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி இறங்கும். வண்டிகள் நீளவாக்கில் ஓடும், குறுக்குச் சாலைகள் காலியாகக் கிடக்கும். காரணம் உங்கள் தொடைக்குச் சீக்கிரமே புரிந்துவிடும்.

பிப்ரவரி 15

சதவீதத்தைச் சாலை நீளத்தை வைத்துக் கணக்கிடுவதா, கிடைமட்டத் தூரத்தை வைத்தா என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். கிடைமட்டம்தான் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். 10 சதவீத ஏற்றத்தில் ஒரு கிமீக்கு வித்தியாசம் 5 மீட்டர். அந்த 5 மீட்டரையும் நான்தான் மிதிக்கிறேன்.

பிப்ரவரி 18

செயலிகள் தரும் ஏற்றக் கணக்கைப் பற்றி. ஒரே பாதைக்கு ஒரு செயலி 900 மீட்டர் என்கிறது, இன்னொன்று 1,200 என்கிறது, எது உண்மை என்று கேள்வி.

இரண்டுமே ஊகம். சாலையில் யாரும் போய் அளந்த கணக்கு இல்லை இது. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் உயரம் எழுதிய அட்டவணை இருக்கிறது, உங்கள் பாதையை அதன்மேல் போட்டு உயரத்தைப் படிக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் அட்டவணை ஒன்று செயற்கைக்கோள் ரேடாரில் 2000-ஆம் ஆண்டு எடுத்தது, கட்டம் கிட்டத்தட்ட 30 மீட்டர். சமவெளியில் 30 மீட்டர் ஒரு விஷயமே இல்லை. மலையைச் செதுக்கிப் போட்ட சாலையில் 30 மீட்டர் தள்ளினால் மேலே பாறை, கீழே ஆறு. சாலை மட்டமாகப் போனாலும் அட்டவணையில் அது ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். அதைச் சீவித் தட்டையாக்க ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது, அதனால்தான் 900-மும் 1,200-மும். அடர்ந்த காட்டில் ரேடார் தரை வரை இறங்காமல் மரக்கிளைகளிலேயே திரும்பிவிடும், அது தனிக் கதை.

சுரங்கம் இருந்தால் இன்னும் வேடிக்கை. சாலை மலைக்குள்ளே போவது அட்டவணைக்குத் தெரியாது. ஒருமுறை திரையில் 25 சதவீத ஏற்றம் ஒன்று கோபுரம் மாதிரி நின்றது, பயந்து பாதையை மாற்றி 14 கிமீ சுற்றிப் போனேன். அந்த இடத்தில் இருந்தது மட்டமான சின்னச் சுரங்கம் என்று வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பாலத்துக்கும் இதே கதை, தலைகீழாக.

தார்ச்சாலையா மண் சாலையா என்பதிலும் அதே எச்சரிக்கை. 2004-ல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்தான் பல சைக்கிள் செயலிகளுக்கு அடித்தளம், அதை நம்மைப் போன்றவர்கள்தான் நிரப்புகிறார்கள். யாரோ போய்ப் பார்த்து 'மண்' என்று குறித்திருந்தால் தெரியும், ஒன்றுமே குறிக்காவிட்டால் செயலி பாட்டுக்கு அனுப்பிவிடும். நீங்கள் போய் வந்த சாலையை நீங்களாவது குறித்துவிடுங்கள். நான் சோம்பேறி, மூன்றுதான் குறித்திருக்கிறேன்.

பிப்ரவரி 19

திருத்தம். நேற்று செயற்கைக்கோள் என்று எழுதியது தவறு. அது எண்டெவர் விண்வெளி ஓடம், 2000 பிப்ரவரியில் 11 நாள் பறந்து அளந்தது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, இவ்வளவு கோபம் வேண்டாம்.

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவரின் கியரைப் பற்றி யாரும் பேசவில்லை. நானே பேசுகிறேன், முக்கியமானது அதுதான்.

முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறக்குறைய 2.55 மீட்டர் நகரும். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ, கால் தருகிற சக்தி 200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள் (அதையே ஒரு மணி நேரம் தருவதற்கு நல்ல பழக்கம் வேண்டும்). 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிமீ வரும், நிமிடத்துக்கு 65 மிதி, சிரமமில்லை. 13 சதவீதம் வந்தால் வேகம் ஆறரைக்கு விழும், அப்போது அதே கியரில் நிமிடத்துக்கு 42 மிதிதான். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது மாதிரி, முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். பின்னால் 34 போட்டால் அதே வேகத்துக்கு 51 மிதி. முன்னால் 30-ம் பின்னால் 34-மாக இருந்தால் 58. உங்கள் சைக்கிளில் பின்புற டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) 34-ஐ ஏற்குமா என்று கடையில் கேளுங்கள். நீளக் கை உள்ள டெரெய்லர் தேவைப்படலாம், செயினும் புதிதாக வாங்க வேண்டிவரும்.

"சின்ன கியர் பலவீனருக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வாதத்துக்கு நூறு வயதுக்கு மேல். பிரான்சில் போல் த விவி என்று ஒருவர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர், கியர் மாற்றும் சைக்கிளுக்காக வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டினார், 1930-ல் இறந்துபோனார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அணி வீரர்களுக்கு டெரெய்லர் அனுமதி கிடைத்தது 1937-ல்தான். அதற்கு முன்பு பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும், மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். 1910-ல் 2,115 மீட்டர் உயரத் தூர்மலே கணவாயை முதன்முதலாகப் பந்தயத்தில் சேர்த்தபோது சாலையும் கரடுமுரடு, கியரும் கிடையாது. அவர்கள் பலசாலிகள், மறுக்கவில்லை. அவர்களிலும் பலர் தள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

மார்ச் 2

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இறக்கத்தை மறந்துவிட்டோம். அமைதியான சாலையில் விழுகிறவர்கள் இறங்கும்போதுதான் விழுகிறார்கள், நான் உட்பட.

பிரான்சின் ஆல்ப் துவெஸ் ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 13.8 கிமீ, 21 வளைவு, கீழிருந்து மேலாக 21, 20, 19 என்று குறைந்துகொண்டே போகும் எண் பலகைகள், சராசரி 8 சதவீதம். அதே ஊருக்குப் பின்பக்கமாக சரென் கணவாய் வழியாக ஒரு சாலை இருக்கிறது, 1,999 மீட்டர், குறுகல், ஆள் அரவம் குறைவு. நமக்கு வேண்டிய சாலைதான் அது. 2013-ல் டூர் டி பிரான்ஸ் ஒரே நாளில் ஆல்ப் துவெஸில் இரண்டு முறை ஏற வைத்தபோது நடுவில் இறங்குவதற்கு இந்தச் சாலையைத்தான் கொடுத்தார்கள். பிழைப்பே சைக்கிள் என்று இருக்கிற வீரர்களில் சிலரே முன்கூட்டிக் குறை சொன்னார்கள்: தரை மோசம், ஓரத்தில் தடுப்பில்லை, தவறினால் பள்ளம். அமைதியான சாலையைத் தேடுகிறபோது இதுவும் சேர்த்துத்தான் கிடைக்கிறது.

என் கதை சின்னது. நிழலான வளைவு, முந்தின நாள் மழை, உதிர்ந்த இலை ஈரத்தோடு தரையில் அப்பியிருந்தது. வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கைத் தொட்டேன். தொட்டது மட்டும்தான் ஞாபகம். இடுப்பில் ஒரு கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது, ஹேண்டில்பார் 20 டிகிரி திரும்பியிருந்தது, பின்சக்கரம் மட்டும் மேலே பார்த்தபடி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் ஒரு வண்டி வரவில்லை. அன்றைக்கு மட்டும் யாராவது வந்தால் தேவலை என்று தோன்றியது.

வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நாலு மடங்கு. மழைக்குப் பிறகு வளைவின் உட்புறத்தில் ஜல்லியும் மணலும் அடித்துவந்து சேர்ந்திருக்கும். சாலைக்குக் குறுக்கே தரையில் கம்பிகள் பதித்திருந்தால் நேராகத் தாண்ட வேண்டும், சாய்த்துத் தாண்டக் கூடாது. யாருமில்லாத சாலை என்று எதிர்ப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வளைவை வெட்டாதீர்கள். அப்படி நினைக்கிற இன்னொருவர் டிராக்டரில் வந்துகொண்டிருப்பார்.

மார்ச் 3

பிரேக் எவ்வளவு சூடாகும் என்று கேட்டவருக்கு: 85 கிலோ 300 மீட்டர் இறங்கினால் 250 கிலோ ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 850 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். வேகமாக விட்டால் கணிசமான பகுதியைக் காற்றே வாங்கிக்கொள்ளும், மெதுவாகப் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஏறக்குறைய எல்லாம் ரிம்மிலோ டிஸ்க்கிலோதான். பயந்து பயந்து இறங்குகிறவருக்குத்தான் பிரேக் கொதிக்கிறது. அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். கீழே போய் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், நான் பார்த்தேன்.

மார்ச் 9

குவாரிச் சாலைக்கு மறுபடி போனேன். இந்த இழையில் அதைத் திட்டி எழுதியதிலிருந்தே மனதில் அரித்துக்கொண்டிருந்தது.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும். குவாரி மூடியிருந்தது. இலைகளில் வெள்ளை அப்படியே, ஆனால் சாலையில் என் டயர் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. குவாரி வாசலைத் தாண்டி நூறு மீட்டரில் சாலையின் நடுவே பாசி தொடங்கியது, அதற்கும் மேலே பாசி புல்லானது, ஒரு கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, இருபுறமும் சக்கரத் தடம் மட்டும் தார் தெரிகிறது. நடுவில் புல் முளைக்கும் அளவுக்கு வண்டி குறைவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 19 லாரியும் குவாரி வரைக்கும்தான், மேலே ஒன்றுகூடப் போவதில்லை! முதல் தடவை நான் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போனதில் அந்தப் புல்லையே பார்க்கவில்லை. கடைசி ஏற்றத்தில் என்னை ஒதுங்கச் சொல்லி நின்ற லாரி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். குவாரி வாசல் அந்த ஏற்றத்தின் நடுவிலேயே இருக்கிறது.

ஆக, பிப்ரவரி 11 அன்று நான் சொன்னதில் ஒரு பகுதியை வாபஸ் வாங்குகிறேன். சாலை யாருக்கு எதற்கு என்று கேட்டால் போதாது, எந்த நேரத்துக்கு என்றும் கேட்க வேண்டும். லாரிச் சாலை ஞாயிறு காலியாக இருக்கும். பேர்போன கணவாய்ச் சாலை வார நாளில் காலியாக இருக்கும், ஞாயிறு மோட்டார் சைக்கிள்கள் வந்துவிடும். நண்பர் சொன்ன மெல்லிய கோடும் முழுக்கத் தவறில்லை, அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 10

"புல்லை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?" முடியும், தெளிவான வான்படம் இருந்தால். முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள், சாலைக்கு நடுவில் கருமையாக ஒரு கோடு ஓடினால் பாசி அல்லது புல். நிழல் விழுந்த இடத்தில் ஏமாறலாம். குவாரியும் அதே படத்தில் வெள்ளைத் தழும்பு மாதிரி பளிச்சென்று தெரியும், முதல் தடவை நான் பார்க்காமல் போனதற்குச் சாக்கே இல்லை.

சைக்கிள்காரர்கள் எங்கே அதிகம் போகிறார்கள் என்று காட்டும் வெப்ப வரைபடங்களையும் ஒருவர் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம், ஆனால் அது பிரபலத்தைக் காட்டும், அமைதியை அல்ல. வேகப்பயிற்சி செய்கிறவர்கள் அகலமான, வழவழப்பான சாலைக்குத்தான் போவார்கள். நான் பார்ப்பது மங்கலான கோடுகளை: யாரோ ஒருசிலர் போய் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள், அது போதும்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டாராம். 58 கிமீ, 1,100 மீட்டர் ஏற்றம், எதிர்க்கரைச் சாலையில் ஏறிப் பழைய சாலையில் இறங்கியிருக்கிறார். வழியில் ஏழு வண்டிதான். மூன்று மணி நேரம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் ஐந்தேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது, அதுதான் அவருடைய புகார்.

நேரத்தைத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும். மலையேறுகிறவர்களுக்கு 1892-லேயே நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வழி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. நான் அதையே சைக்கிளுக்குத் திருப்பிக்கொண்டேன்: 20 கிமீக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 500 மீட்டருக்கும் இன்னொரு மணி. அவருடைய பாதைக்கு 2.9-ம் 2.2-ம் சேர்த்து ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேல். ஏற்கனவே ஓட்டியவருக்குச் சொல்லி என்ன பயன், அடுத்த தடவைக்கு.

மேலே குளிரில் நடுங்கியதாகவும் எழுதியிருக்கிறார். ஆயிரம் மீட்டருக்கு சுமார் ஆறரை டிகிரி குறையும், அதுகூடப் பரவாயில்லை, வியர்வையில் நனைந்த சட்டையோடு நாற்பதில் இறங்குவதுதான் ஆளைக் கொல்வது. மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றை மடித்து முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாத நாளில் செய்தித்தாளை நெஞ்சுக்குள் சொருகிக்கொண்டு இறங்கியிருக்கிறேன், பழைய பந்தய வீரர்களின் வழி அது. கீழே வந்தபோது தலைப்புச் செய்தி பாதி என் நெஞ்சிலேயே ஒட்டியிருந்தது.

மார்ச் 24

ஏற்றமே பிடிக்காத, ஆனால் மலை பிடிக்கிற ஒருவர் வழி கேட்டிருக்கிறார். கைவிட்ட ரயில் பாதைகளைத் தேடுங்கள். சாதாரண ரயில் 2, 3 சதவீதத்துக்கு மேல் ஏறத் திணறும், அதனால் அந்தப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி நிதானமாகப் போகும். ஸ்பெயினில் 1993-லிருந்து இப்படிப்பட்ட பாதைகளைப் 'பசுமை வழி' என்று நடக்கவும் மிதிக்கவும் திறந்துவிடுகிறார்கள். சுரங்கம் வரும், விளக்கு வேண்டும். நான் ஒன்றில்தான் போயிருக்கிறேன், அழகுதான், ஆனால் இருபது கிமீக்கு ஒரே மாதிரி சரிவில் மிதித்துக் கொஞ்சம் தூக்கம் வந்துவிட்டது. யாருக்கு எது பிடிக்குமோ.

மார்ச் 25

கொண்டை ஊசியில் உட்பக்கமா வெளிப்பக்கமா? ஏறும்போது வெளிப்பக்கம் சரிவு குறைவு. அதே உயரத்தை உட்பக்கம் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருக்கிறது, அதனால்தான் வளைவின் உள்மூலை சுவர் மாதிரி நிற்கிறது. வளைவுக்கு முன்பே அண்ணாந்து மேலே இருக்கும் சாலையைப் பாருங்கள், வருகிற வண்டி தெரியும். ஒன்றும் வரவில்லையென்றால் உங்கள் பக்கத்துக்குள்ளேயே எவ்வளவு வெளியே தள்ள முடியுமோ தள்ளி மிதியுங்கள்.

ஏப்ரல் 6

குவாரி ஏற்றம் 18 சதவீதமே இருக்காது என்று முதல் நாளிலிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். 34-க்கு 28-ல் ஒருவரும் 18-ல் லாரி லாரியாக நின்று நின்று போக முடியாது என்பது அவர் வாதம். நான்தான் போகவில்லையே, தள்ளினேனே என்று சமாளித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஒரு மீட்டர் ரசமட்டத்தை சைக்கிள் சட்டத்தில் கட்டிக்கொண்டு போனேன். குவாரி வாசலுக்கு எதிரே, நான் காலை ஊன்றிய இடம் என்று சத்தியம் செய்யக்கூடிய இடத்தில், ரசமட்டத்தின் ஒரு முனையைத் தாரில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்கி, அளவுநாடாவில் பார்த்தேன். 12.5 செமீ. நம்பாமல் இரண்டடி தள்ளி வைத்தேன், 13. வளைவின் உள்மூலையில் வைத்தேன், அங்கே 17 காட்டியது, ஆனால் அந்த மூலை வழியாக நான் ஏறவே இல்லை. காவலாளி வந்து எந்த அலுவலகத்திலிருந்து அளக்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொந்த அலுவல் என்றேன்.

மேலே 18 என்று எழுதியதை 13 என்று படித்துக்கொள்ளவும். புல் முளைத்த பகுதியை இன்னும் அளக்கவில்லை, ரசமட்டம் முழங்காலில் இடிக்கிறது.